உப்புத் தொட்டிக்கு அழையாமல் வந்த உயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் என் வீட்டு ஹாலில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில், கடல் மீன் வளர்க்கும் ஒரு உப்புத் தொட்டி இருக்கிறது. கல்லும் மணலும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் கடல் மீன் வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் ஒருவர் நம்பர் இன்னொருவரிடம் சுலபமாகப் போய்விடுகிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஃபோன் வந்தால் எடுக்கும் முன்பே தெரியும், "அண்ணா, கல்லுல என்னமோ ஊருதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் வாங்கினது ரெண்டு மீனும் ஒரு பவளத் துண்டும்தானுங்க. இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

கடல் ஈரம் காயாமல் வந்த எதிலிருந்தும் வரும். மென்பவளம் ஒட்டியிருக்கும் சின்னக் கல், நண்பர் கொடுத்த ஒரு கப் மணல், சீட்டோ பாசி உருண்டை, நத்தையின் ஓடு, இவ்வளவு போதும். உப்புப் பாக்கெட்டிலும் ஆர்ஓ தண்ணீரிலும் வராது. சிறுவாணித் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றினால் வேறு தொல்லைகள் வரும், கடல் புழு வராது. பலரைக் குழப்புவது காலம்தான். ஆறு மாதமாகப் புதிதாக எதுவுமே போடவில்லை, இன்று திடீரென்று ஒரு நண்டு தெரிகிறது என்பார்கள். அது திடீரென்று வந்ததல்ல, மிளகளவில் கல்லின் ஓட்டைக்குள் வந்தது, ஆறு மாதம் சாப்பிட்டு இப்போதுதான் கண்ணில் படும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

கடலில் எடுத்த உயிர்க்கல் வாங்கிப் போட்டால் நிறைய உயிர்கள் வருமாமே?

வரும், ஆனால் வாங்காதீர்கள். உயிர்க்கல் என்று விற்பது பெரும்பாலும் பழைய பவளத்தின் எலும்புக்கூடு. கல் பவளங்கள் எல்லாமே 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன, கடல் அட்டையும் கடல் குதிரையும்கூட அதே ஆண்டில்தான். செத்த துண்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் பவளக் கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் அள்ளியதில் ஏற்பட்ட சேதம் இன்னும் ஆறவில்லை. நம் ஹாலுக்காக அதில் மேலும் ஒரு கூடை குறைய வேண்டாம். உலர்ந்த செயற்கைக் கல்லில் ஆரம்பித்து, நன்றாக ஓடும் ஒரு நண்பர் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலும் ஒரு சின்னத் துண்டும் கேட்டு வாங்குங்கள். நுண்ணுயிரும் சின்ன ஜீவன்களும் அதிலேயே வந்துவிடும்.

பேர் தெரியாத ஒன்றைப் பார்த்ததும் முதலில் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். கையை உள்ளே விடாமல் மூன்று ராத்திரி பாருங்கள். நான் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன், ஏனென்றால் எனக்கு ஃபோன் செய்தவர்களில் பாதிப் பேர் கொன்ற பிறகுதான் பேர் கேட்டார்கள், அதில் பெரும்பாலானவை தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நல்ல உயிர்கள்.

விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் முனையில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிப் பாருங்கள். முதுகெலும்பில்லாத ஜீவன்களில் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது, அதனால் ஓடி ஒளியாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் ராத்திரி ஒரு ஊரே நடமாடும்.

சின்னதாக இருந்தால் ஒரு டிராப்பரில் உறிஞ்சி, தொட்டித் தண்ணீரோடு வெள்ளைக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். நம் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு: துணி செக்கிங் செய்பவர்களிடம் இருக்கும் கவுண்டிங் கிளாஸ், நூல் எண்ணும் பூதக்கண்ணாடி. அதைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால் சின்ன ஜீவனின் காலைக்கூட எண்ணிவிடலாம், அதன் மேல் ஃபோன் கேமராவை வைத்தால் படமும் கிடைக்கும். படத்தில் அளவு தெரிய ஒரு அரிசியையோ ஸ்கேலையோ பக்கத்தில் வையுங்கள், அளவு தெரியாத படத்தை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

பார்க்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். ஒரே வகை நத்தை மூன்று நிறத்தில் இருக்கும். உடம்பின் அமைப்பைப் பாருங்கள்: கால் இருக்கிறதா, அந்தக் காலில் மூட்டு இருக்கிறதா, இருந்தால் நண்டு இறால் இனம். உடம்பு வளையம் வளையமாக இருந்தால் புழு. நடுவிலிருந்து நான்கு பக்கமும் விரிந்தால் நட்சத்திரமோ, பூப்போலக் கைவிரிக்கும் அனிமோனோ. ஒரே இடத்தில் ஒட்டியிருக்கிறதா நகர்கிறதா, தொட்டால் சுருங்குகிறதா, ராத்திரி எதன் மேல் நிற்கிறது, அங்கே காலையில் கடித்த தடம் இருக்கிறதா என்பதையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். சரியான இனப்பெயர் தெரிய வேண்டும் என்பதே இல்லை, எந்தக் குடும்பம் என்று தெரிந்தாலே வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று முடிவு செய்துவிடலாம்.

கல்லுக்கு அடியில் கம்பளிப்பூச்சி மாதிரி நீளமாக ஒரு புழு. ஆபத்தா?

அநேகமாக பிரிஸ்டில் புழு. இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு உடம்பு, இரண்டு பக்கமும் வரிசையாக வெள்ளை முடிக் கொத்து. வந்த உயிர்களிலேயே அதிகம் பழி சுமப்பது இதுதான். மீன் விட்ட தீனி, செத்த நத்தை, மணலுக்குள் அழுகும் மிச்சம் எல்லாவற்றையும் ராத்திரியோடு ராத்திரியாகத் தின்று தீர்க்கும். செத்த மீனின் மேல் பத்துப் புழு மொய்த்திருப்பதைக் காலையில் பார்த்தவர்கள் புழுதான் கொன்றது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், ஆனால் அது பிணத்தைத் தேடி வந்தது.

நானும் மூன்றாம் மாதத்தில் பொறி வைத்து இருபது இருபத்தைந்து புழுக்களைப் பிடித்து வெளியே போட்டேன். அடுத்த இரண்டு வாரத்தில் மணலில் தீனி அழுகி, நைட்ரேட் ஏறி, கல் முழுக்கப் பச்சைப் பாசி. அதற்கப்புறம் ஒரு புழுவைக்கூட நான் எடுத்ததில்லை. எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம், கையைக் குறைத்தால் அவையும் குறையும்.

வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள். அந்த முடி கண்ணாடி நார் போலத் தோலில் ஏறிக்கொண்டு இரண்டு நாள் எரியும். ஏறிவிட்டால் தேய்க்காமல் செல்லோடேப் ஒட்டி உரித்து எடுங்கள். இதே உறவில் நெருப்புப் புழு என்று தடித்த வகைகள் உண்டு, அவற்றின் முடி இன்னும் மோசமாக எரிக்கும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது யூனிசிட் புழுக்கள். தலையில் ஐந்து உணர்கொம்பு, உடம்பு வெளிச்சத்தில் வானவில் நிறமடிக்கும், பக்கவாட்டில் அந்த வெள்ளைக் கொத்து இருக்காது. இந்தக் குடும்பத்தில்தான் பாபிட் புழு வருகிறது, கடலில் அது மூன்று மீட்டர் வரை வளரும், தாடை கத்தரிக்கோல் மாதிரி. தலையைப் பார்க்காமல் நீளத்தை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், தலையில் கொம்பை எண்ணுங்கள். யூனிசிட் என்று உறுதியானால் அது குடியிருக்கும் கல்லையே வெளியே எடுத்து ஒரு வாளி உப்புத் தண்ணீரில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும், பாதியில் அறுந்தால் மிச்சம் உள்ளேயே பிழைத்துக்கொள்ளும்.

பழுப்பு நிறத்தில் சின்ன ஈச்சமரம் மாதிரி ஒன்று முளைத்திருக்கிறது. அழகாக இருக்கிறதே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஐப்டேசியா என்ற அனிமோன். நீண்ட மெல்லிய தண்டு, உச்சியில் கண்ணாடி போலப் பாதி ஊடுருவும் பழுப்புக் கைகள், நுனி கூராக இருக்கும், குச்சியால் தொட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டைக்குள் போய்விடும். கைகளின் நுனி உருண்டையாகக் குண்டாக இருந்தால் அது மஜானோ என்ற இன்னொரு அனிமோன், அதற்கும் இதே வைத்தியம்தான். இரண்டும் பக்கத்துப் பவளத்தைக் கொட்டும்.

பிளேடால் சுரண்டக் கூடாது. நான் சுரண்டினேன். ஒன்று இருந்த இடத்தில் மூன்று வாரத்தில் பதினொன்று எண்ணினேன், ஏனென்றால் அதன் பாதத்தில் ஒரு துணுக்கு கல்லில் தங்கினாலும் அது முழு உயிராக வளரும். சரியான வழி சுண்ணாம்பு: சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் ஆர்ஓ தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, ஊசி போட்ட சிரிஞ்சில் எடுத்து, பம்பை நிறுத்திவிட்டு, அது விரிந்திருக்கும்போது வாயின் மேல் மெதுவாக விட்டு மூடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், இந்தச் சின்னத் தொட்டியில் பிஎச் சட்டென்று ஏறிவிடும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பெப்பர்மின்ட் இறால் இதைத் தின்னும், எல்லா இறாலும் தின்னும் என்று சொல்ல முடியாது. வாங்கும்போது கவனியுங்கள், அதே பேரில் ஒட்டக இறாலைக் கொடுத்துவிடுவதுண்டு. அதற்கு முதுகில் கூன் இருக்கும், சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும், அது மென்பவளத்தைக் கொறிக்கும். பெர்கியா என்ற கடல் கூடற்ற நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது, அதனால் எல்லாம் தீர்ந்ததும் அதை இன்னொரு நண்பர் தொட்டிக்கு மாற்றாவிட்டால் பட்டினியில் செத்துப்போகும்.

ராத்திரி தொட்டிக்குள் டக் டக் என்று சத்தம் கேட்குது. என்னவாக இருக்கும்?

முதலில் பம்புக்குள் நத்தை மாட்டியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இரண்டில் ஒன்று. பிஸ்டல் இறாலாக இருந்தால் ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும், அதைச் சொடுக்கும்போது உண்டாகும் நீர்க்குமிழி வெடிப்பதில்தான் அந்தச் சத்தம் வருகிறது. மணலைத் தோண்டி வீடு கட்டும், பெரும்பாலும் தொந்தரவில்லை, கோபி மீனோடு சேர்ந்து குடியிருக்கும் வகைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மேன்டிஸ் இறால் என்றால் கதை வேறு. கண் இரண்டும் காம்பின் மேல் நின்று தனித்தனியாகச் சுழலும், முன்கைகள் மடித்து வைத்திருக்கும். காலையில் உடைந்த நத்தை ஓடு கிடக்கும், நண்டு காணாமல் போகும், அப்புறம் மீன். அது இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்து, கல்லைத் தொட்டிக்கு வெளியே எடுத்து, எந்த வாசனையும் இனிப்பும் சேர்க்காத வெறும் சோடாவை ஓட்டைக்குள் சிரிஞ்சால் செலுத்தினால் மூச்சுமுட்டி வெளியே வந்துவிடும். விரலை வைத்துவிடாதீர்கள், நகம் கிழியும். கொல்ல வேண்டாம், தனியாக ஒரு சின்னத் தொட்டி இருந்தால் அதைப் போல அறிவான ஜீவனை வளர்ப்பது பெரிய அனுபவம்.

சின்ன நண்டு ஒன்று இருக்கு. நல்லதா கெட்டதா?

கையின் நுனியைப் பாருங்கள். கரண்டி போலக் குழிந்து மழுங்கியிருந்தால் பாசி சுரண்டித் தின்னும் வகை. கூராக, அதுவும் கறுத்த நுனியோடு, உடம்பில் முடியும் இருந்தால் கறி தின்னி, வளர வளர மீனுக்குக் குறி வைக்கும். உயரக் கண்ணாடி டம்ளருக்குள் ஒரு இறால் துண்டைப் போட்டுக் கல்லோரம் சாய்த்து வைத்தால் ராத்திரி உள்ளே இறங்கிவிடும், வழுக்கும் கண்ணாடியில் ஏற முடியாது.

கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நகருதுங்க.

கோப்பிபாட், இறால் உறவில் ஒரு பொடி ஜீவன். சந்தோஷப்படுங்கள். கொஞ்சம் பெரிதாக, பக்கவாட்டில் அமுக்கி வளைத்தது போல இருந்தால் ஆம்பிபாட், அதுவும் நல்லதே. மேலிருந்து அமுக்கியது போலத் தட்டையாக, பெரிய கண்ணோடு, மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும், அது சிரோலனிட் வகை ஐசோபாட், இரத்தம் குடிக்கும், மீனைப் பிடித்து இடுக்கியால் எடுக்க வேண்டும். நகராமல் ஒட்டியிருக்கும் கடுகளவு வெள்ளைச் சுருள் ஸ்பைரார்பிட் புழுவின் கூடு, தொந்தரவே இல்லை. வெள்ளையாக அன்னாசி வடிவில், உச்சியில் முடிக் கொத்தோடு இருப்பது சைகான் கடற்பஞ்சு. ஐந்து கை ஒரே அளவில் இல்லாமல் சாம்பல் நிறத்தில் கண்ணாடியில் ஊரும் குட்டி நட்சத்திரம் ஆஸ்டரினா, பெரும்பாலும் பாசிப் படலம் மேயும். ஜோவாந்திட் என்ற பொத்தான் வடிவ உயிரின் மேல் தொடர்ந்து உட்கார்ந்து, அந்த இடம் சுருங்கினால் மட்டும் எடுங்கள். காது மடல் போலத் தட்டை ஓட்டோடு வேகமாக ஓடும் நத்தை ஸ்டொமடெல்லா, முதுகில் எட்டுத் தகடு இருந்தால் கைட்டான், இரண்டும் பாசி தின்னும் நண்பர்கள்.

கல்லில் குழாய் மாதிரி கூராக நீட்டியிருக்கு, அதிலிருந்து சிலந்தி வலை மாதிரி நூல் வருது.

வெர்மெட்டிட் நத்தை. நத்தைதான், ஆனால் நகராது, சளி நூலை வீசித் தண்ணீரில் மிதக்கும் தீனியைப் பிடித்து இழுத்துத் தின்னும். அந்த நூல் பட்ட பவளம் விரியாது. குழாயை ஒடித்து, வாயைச் சூப்பர் க்ளூ ஜெல்லால் அடைத்துவிடுங்கள். கைவிரலையும் கிழிக்கும், கவனம்.

கல், மணல் எல்லாம் பழுப்புச் சளி, உள்ளே காற்றுக்குமிழி. இதுவும் வந்த உயிரா?

வந்ததுதான், ஆனால் ஒற்றைச் செல். புதுத் தொட்டியில் முதல் மாதம் தூள் போலப் படிந்தால் டயாட்டம் என்ற நுண்பாசி, தானே போய்விடும். சிவப்பு அல்லது கருநீலத்தில் துணி போல உரிந்து வந்தால் சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. நூல் நூலாகத் தொங்கி, குமிழியோடு, ராத்திரி குறைந்து பகலில் கூடினால் டைனோவாக, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிராக இருக்கலாம். சோதிக்க ஒரு வழி: சளியைத் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காபி வடிக்கும் காகித ஃபில்டரில் வடித்து, வடித்த தெளிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி திரண்டு கட்டி நூலானால் டைனோ. உலர்கல்லில் ஆரம்பித்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கிய தொட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன், போட்டியிட வேறு உயிர்கள் இல்லாத வெற்றிடத்தில்தான் அது பரவுகிறது. அதனால்தான் நண்பர் தொட்டி மணலில் வரும் பேர் தெரியாத ஜீவன்களை நான் வரவேற்கிறேன்.

பேசாமல் கல்லைக் கொதிக்க வைத்துவிட்டால்?

தயவு செய்து செய்யாதீர்கள். தொட்டியை மனதில் வைத்துச் சொல்லவில்லை, உங்கள் வீட்டு ஆட்களை நினைத்துச் சொல்கிறேன். கல்லில் பாலித்தோவா என்ற பொத்தான் வடிவ உயிர் இருந்தால் அதில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கக்கூடும், 1971இல் ஹவாய்த் தீவுகளின் பாலித்தோவாவிலிருந்து பிரித்தெடுத்தது, கடலில் கிடைக்கும் மிகக் கொடிய விஷங்களில் ஒன்று. சமையலறைச் சூட்டில் அது அழியாது. கொதிக்கும் கல்லின் ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. சுடு தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும், பிரஷ்ஷால் சுரண்டுவதும், பிரஷர் வாஷ் அடிப்பதும் அதே ஆபத்துதான். பழுப்பு அல்லது பச்சைப் பொத்தான்கள் கூட்டமாக இருக்கும் கல்லைத் தொடக் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், கையில் காயம் இருந்தால் அன்று வேலையே வேண்டாம். தொட்ட பிறகு வாயில் உலோகக் கசப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பாலிடாக்சின் என்ற சொல்லை டாக்டரிடம் எழுதியே கொடுங்கள்.

பகலிலேயே புழு, நட்சத்திரம் எல்லாம் கல் மேலே ஏறி நிற்குது. ஏன்?

இது அவசரம். பெரும்பாலும் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்குகிறது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் கரண்ட் போன ஒரு மத்தியானம் என் தொட்டியில் மறைந்திருந்த அத்தனை ஜீவனும் மேலே வந்து நின்றன, மீன் மூச்சு வாங்குவதற்கு முன்பே எனக்கு அவைதான் சொல்லின. பேட்டரி ஏர் பம்பைப் போட்டு, தொட்டி மூடியைத் திறந்து, டேபிள் ஃபேனை இன்வெர்ட்டரில் ஓட்டித் தண்ணீர் மேல் காற்று படும்படி வையுங்கள். பம்ப் ஓடியும் இப்படி இருந்தால் அமோனியா பாருங்கள், உள்ளே ஏதோ செத்திருக்கும்.

பிடித்ததைக் கொல்ல மனசு வரலைங்க. ராமேஸ்வரம் போகும்போது கடலில் விட்டுவிடலாமா?

மனசு வராதது நல்ல மனசு, ஆனால் கடலில் விடாதீர்கள். அது எந்தக் கடலில் பிறந்தது என்று நமக்குத் தெரியாது, அதோடு என்ன நோய் போகும் என்றும் தெரியாது. கடல் மீன் தொட்டிகளுக்காக வளர்த்த காலெர்ப்பா பாசி 1984இல் மொனாக்கோ கடலோரத்தில் தென்பட்டது, பிறகு மத்தியதரைக் கடலில் பல நாட்டுக் கரைகளுக்குப் பரவியது. அதே பாசி 2000இல் கலிபோர்னியாவில் முளைத்தபோது தார்ப்பாயால் மூடி குளோரின் விட்டுக் கொன்றார்கள், ஒழிந்துவிட்டது என்று அறிவிக்க 2006 ஆனது. மன்னார் வளைகுடாவிலேயே வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்தது. பொள்ளாச்சிக்காரர்கள் ஆழியாற்றில் விடலாமா என்று கேட்கிறார்கள், அந்தத் தண்ணீரும் பாரதப்புழா வழியாகப் பொன்னானியில் கடலுக்குத்தான் போகிறது.

வேறொருவர் தொட்டியில் இடமிருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு சின்ன டப்பாவில் தொட்டித் தண்ணீர் விட்டு மூடித் தனியாக வைத்து, தினம் பாதித் தண்ணீர் மாற்றி, வாரம் ஒரு இறால் துணுக்குப் போட்டாலே ஒரு நண்டு மாதக்கணக்கில் இருக்கும். என் ஜன்னலோரம் அப்படி ஒரு டப்பா இருக்கிறது, அதில் முடி நண்டு ஒன்று இப்போது இரண்டாவது தடவை தோலுரித்திருக்கிறது.